வீதி வேலைக்கு ஆள் இல்லை என்கிறோம்: ஏன் இல்லை?

சென்ற மாதம் ஒரு நாள் முற்பகல் எனது ஹாட்வெயார் கடைக்கு ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். பல வருடங்களாக என்னிடம் சீமெந்தும் கம்பியும் எடுப்பவர். உள்வீதி ஒன்றும் அதற்குரிய இரண்டு மதகுகளும் அவருக்குக் கிடைத்திருந்தன. சாமான் எடுக்க வந்தவர் சாமானைப் பற்றிப் பேசவே இல்லை. "ஹாஜியார், ரோலர் ஓட்டத் தெரிஞ்ச ஒரு பொடியன் இருந்தாச் சொல்லுங்க. ரெண்டு கிழமையாத் தேடுறன். ஒரு ஆளும் அம்பிடுதில்ல" என்றார்.

அன்று மாலை வீடு செல்ல பஸ் நிலையத்தடியில் ஒரு முச்சக்கர வண்டியில் ஏறினேன். ஓட்டியவரைப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் ரோலர் ஓட்டிய ஊர்த் தம்பி. "ரோலருக்குப் போறல்லயா தம்பி?" என்று கேட்டேன். "இல்ல ஹாஜியார். 2022 இல நிண்ட மூணு மாசச் சம்பளம் இன்னும் வரல்ல. அந்த வேலை நமக்குச் சரிவராது" என்றார்.

காலையில் ஆள் இல்லை என்று ஒரு முதலாளி. மாலையில் வேலை இருந்தும் வேண்டாம் என்று ஒரு தொழிலாளி. இருவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் வர்த்தக சகோதரர்களுடன் பேச விரும்புகிறேன்.

அலை அலையாக வந்த வேலை

எனது வாப்பா காலத்தில் வீதி வேலை என்றால் பி.டபிள்யூ.டி. வேலை. கங்காணி, ஓவசியர், வீதித் தொழிலாளி என்று ஒரு கூட்டம் வருடம் முழுவதும் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இத்தனை மைல் என்று வீதி பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. கான் துப்புரவு செய்வதும், குழி அடைப்பதும், ஓரப் புல் வெட்டுவதும் அவர்களது வேலை. சம்பளம் சிறிது. ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வரும். வயது போனால் ஓய்வூதியமும் வரும். அந்த மனிதருக்குக் கடைக்காரர் பயமில்லாமல் கடன் கொடுத்தார்.

பின்னர் முறை மாறியது. 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வீதி அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. ஏ, பி தர வீதிகள், அதாவது சுமார் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர், அதன் பொறுப்பில் இருக்கின்றன. அதைவிடப் பல மடங்கு நீளமான வீதிகள் மாகாண சபைகளிடமும் உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. வேலையின் பெரும்பகுதி கொந்தராத்துக்குப் போனது. கொந்தராத்துக்காரர் உப கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்தார். அவர் நாட்சம்பளத்துக்கு ஆள் பிடித்தார். வேலை இருக்கும் நாளில் சம்பளம், இல்லாத நாளில் வீடு என்ற நிலை இப்படித்தான் வந்தது.

யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் கிழக்கில் வீதி வேலை வெள்ளம் போல் வந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, 2010 இல் ஓட்டமாவடியின் புதிய பாலம். தெற்கு அதிவேக வீதி 2011 இல் காலி வரையும், 2014 இல் மாத்தறை வரையும், 2020 இல் ஹம்பாந்தோட்டை வரையும் சென்றது. கட்டுநாயக்க அதிவேக வீதி 2013 இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் சும்மா இருக்கவில்லை. வயல்காரர்கள் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முறைப்பட்டார்கள்.

பிறகு 2022 வந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. தார் இல்லை, டீசல் இல்லை, பில் கொடுத்தால் காசு இல்லை. வெளிநாட்டுக் கடனில் நடந்த பெரிய திட்டங்களும் அப்படியே நின்றன. மத்திய அதிவேக வீதியின் மீரிகம-குருநாகல் பகுதி அந்த வருடம் ஜனவரியில்தான் திறக்கப்பட்டிருந்தது. கடவத்தை-மீரிகம பகுதி அரைகுறையாக நின்றது. அதில் வேலை செய்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலர் ஊரிலும் நிற்கவில்லை. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனார்கள் என்பது நாமறிந்ததே. நல்ல ஒபரேட்டர்களும் நல்ல மேசன்பாஸ்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இப்போது வேலை எங்கே இருக்கிறது?

வீதி வேலைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜப்பானிய நிதியுதவித் திட்டங்கள் 2024 இல் மீண்டும் தொடங்கின. கடவத்தை-மீரிகம பகுதியின் வேலை 2025 செப்டம்பரில் மறுபடியும் ஆரம்பிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதால் வீதியில் வாகனமும் கூடியிருக்கிறது. வாகனம் கூடினால் வீதி தேயும், தேய்ந்தால் திருத்த ஆள் வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலையைக் கொண்டு வந்தது ஒரு பேரழிவு. 2025 நவம்பர் பிற்பகுதியில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிந்து கொழும்பு-கண்டி வீதி மூடப்பட்டது. அதற்கு ஒரு வாரத்துக்குள் டித்வா சூறாவளி வந்தது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மலையகத்திலும் ஆற்றங்கரைகளிலும் எத்தனையோ வீதிகள் சரிந்தன, பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. மாவனல்லையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வீதி மூடினால் ஒரு சந்தை மூடுகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

சரிந்த மலையோரத்தில் தாங்கு சுவர் கட்டுவது, கான் வெட்டுவது, மதகைப் பெரிதாக்குவது, பாலத்துக்கு அணைகரை போடுவது என்பவை ஒரு மாதத்தில் முடியும் வேலைகள் அல்ல. பல வருட வேலை இருக்கிறது. ஆனால் அது எந்த வகையான வேலை என்பதை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

மண்வெட்டியிலிருந்து மெசினுக்கு

நான் சிறுவனாக இருந்தபோது வீதியோரத்தில் பெண்கள் கூட்டமாக இருந்து கருங்கல் உடைப்பார்கள். பீப்பாயில் தார் காய்ச்சி வாளியால் ஊற்றுவார்கள். ஒரு மைல் வீதிக்கு எத்தனையோ பேர் தேவைப்பட்டார்கள். இன்று கல்லை கிரஷர் உடைக்கிறது. தார்க் கலவை பிளான்டிலிருந்து சூடாக டிப்பரில் வருகிறது. பேவர் அதை விரித்துச் செல்ல, ரோலர் பின்னால் வருகிறது. கலவை ஆறிவிட்டால் எத்தனை தரம் உருட்டினாலும் அது சரியாக இறுகாது. எனவே ரோலர்காரன் எப்போது ஏற வேண்டும், எத்தனை தரம் ஓட வேண்டும், எங்கே நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அனுபவமில்லாதவனை ஏற்றினால் காபட் வீதி ஒரு மாரிக்குத் தாங்காது.

ஆகவே கருங்கல் சுமப்பவருக்கும் மண் வெட்டுபவருக்கும் புதிய பெரிய வீதிகளில் இடம் குறைந்து வருகிறது. அதை மறைக்கத் தேவையில்லை. இடம் கூடுவது மூன்று வகையினருக்கு. முதலாவது, பெக்கோ, எக்ஸ்கவேட்டர், கிரேடர், ரோலர், பேவர் ஓட்டத் தெரிந்தவர்கள். இரண்டாவது, மதகு, தாங்கு சுவர், கொங்கிரீட் கான், கொங்கிரீட் வீதி, இன்டர்லொக் கல் வேலை தெரிந்த மேசன்மாரும் கம்பி கட்டுபவர்களும். மூன்றாவது, மட்டம் பார்க்கவும், கலவை பரிசோதிக்கவும், அளவு எழுதவும் தெரிந்த படித்த இளைஞர்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்து வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த மூன்றாவது வேலை நன்றாகப் பொருந்தும். ஆனால் நம்மவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மகன் வீதி வேலைக்குப் போகிறான் என்று சொல்ல வெட்கப்படுகிறோம். அதே மகன் கட்டாரில் அதே வீதி வேலையைச் செய்தால் பெருமையாகச் சொல்கிறோம்.

கூலி ஆளுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது பராமரிப்பு வேலை. வீதியைக் கெடுப்பது தண்ணீர்தான். கான் அடைபட்டால் தண்ணீர் வீதிக்கடியில் இறங்கும், அடி இளகும், மேலே குழி விழும். மாரிக்கு முன் கான் வெட்ட நான்கு பேருக்குக் கொடுக்கும் சம்பளம், மாரிக்குப் பின் வீதியைத் திரும்பப் போடும் செலவில் சிறு துண்டுதான். பி.டபிள்யூ.டி. காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். இன்று புது வீதிக்குத் திறப்பு விழா இருக்கிறது. கான் வெட்டுவதற்கு விழா இல்லை, அதனால் அதற்கு ஒதுக்கீடும் குறைவு. நமது பிரதேச சபை உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது வர்த்தகர் சங்கங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: வருடம் முழுவதும் வீதியைப் பராமரிக்க எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்?

சம்பளம் மட்டும் போதாது

ஆள் வராததற்குச் சம்பளக் குறைவுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். சட்டப்படி தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நாட்கூலிக்கு 1,200 ரூபா. நடைமுறையில் எங்கள் பகுதியில் அதைப் போல் இரு மடங்கு கொடுத்தும் ஆள் பிடிப்பது கஷ்டம். அப்படியானால் முச்சக்கர வண்டி ஓட்டும் அந்தத் தம்பி ஏன் வர மறுக்கிறார்?

அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. முச்சக்கர வண்டியில் ஒரு நாள் உழைப்பு அன்று மாலையே கையில். ரோலரில் சம்பளம் கூட. ஆனால் அது பில் பாஸாகிய பின்தான் வரும். மழை பெய்தால் நாள் இல்லை. தார் வராவிட்டால் நாள் இல்லை. பன்னிரண்டு வருடம் வேலை செய்தும் ஊழியர் சேமலாப நிதியில் ஒரு சதமும் இல்லை. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, "பேப்பர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் மெசினில் இருந்தவர், புதிதாகப் பழகிய ஒருவருக்குச் சமமாக நிற்க வேண்டியதாயிற்று.

என் கணக்குக் கொப்பி

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 தொடக்கம் மூன்று வருடங்கள் நானும் சில்லறை உப கொந்தராத்து எடுத்தேன். கிரவல் வீதியும் மதகும்தான். அந்தத் தம்பி முதன்முதலில் மண்வெட்டி பிடித்தது என்னுடைய வேலையில். பின்னர் பெரிய கொந்தராத்துக்காரரிடம் போய் ரோலர் பழகினார்.

அன்று வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் ஒன்று கேட்டார். அனுபவத்தை வைத்துச் சான்றிதழ் எடுக்கலாமாம், அதற்கு வேலை செய்த இடங்களிலிருந்து கடிதம் வேண்டுமாம். "நான் உங்கக்கிட்ட எந்த வருசம், எத்தின மாசம் வேலை செஞ்சன் எண்டு கொப்பியப் பார்த்து ஒரு கடிதம் தருவீங்களா ஹாஜியார்?"

அடுத்த நாள் பழைய கொப்பிகளை எடுத்துத் தேடினேன். எந்தத் திகதியில் எத்தனை மூடை சீமெந்து, என்ன விலை, எந்த லொறியில் வந்தது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. கிரவல் எத்தனை கியூப் என்பது இருந்தது. ஆட்களுக்குரிய பக்கத்தில் "ஆள் 6, நாள் 4" என்று இருந்தது. ஒருவருடைய பெயரும் இல்லை. சீமெந்துக்கு வைத்த கணக்கை நான் மனிதருக்கு வைக்கவில்லை.

சட்டத்தில் எனக்கு இதற்கு இடமே இருக்கவில்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரரையும் தற்காலிக ஊழியரையும் விலக்கவில்லை. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதன் மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 30,000 ரூபாவுக்கே கணக்குப் பார்த்தால் முதலாளியின் பங்கு 4,500 ரூபா, தொழிலாளியின் பங்கு 2,400 ரூபா. மாதம் 6,900 ரூபா அவர் பெயரில் சேர்கிறது. வருடத்துக்கு 82,800. பத்து வருடத்தில் வட்டியில்லாமலே எட்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. அதுதான் ஒரு கூலியாளுக்கு வீட்டுக் கூரை, அல்லது சொந்த வண்டிக்கு முற்பணம். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு உண்மையில் அவருடைய கூரை.

நமக்கு இதில் என்ன?

"எனக்குத் துணிக்கடை, எனக்குப் பலசரக்குக் கடை, வீதித் தொழிலாளியைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். உங்கள் கடன் கொப்பியைத் திறந்து பாருங்கள். நாட்சம்பளக்காரரின் பெயர் எத்தனை பக்கங்களில் இருக்கிறது? அவருக்குச் சம்பளம் மூன்று மாதம் பிந்தினால் உங்களுக்கும் மூன்று மாதம் பிந்துகிறது. 2022 இல் வசூலாகாமல் போன கடன்களில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்பது என் அனுபவம். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பவரும் அவர்தான். அவர் வெளிநாடு போனால் காசு வரும், உண்மை. ஆனால் இங்கே மதகு கட்ட ஆள் இருக்காது. மதகு இல்லாவிட்டால் மாரியில் உங்கள் லொறி வராது.

ஹாட்வெயார், கிரவல், டிப்பர், கல்வாடி என்று நேரடியாகத் தொடர்புள்ளவர்களுக்கு விடயம் இன்னும் நெருக்கமானது. இன்டர்லொக் கல்லும் மதகுக் குழாயும் வார்க்கும் சிறிய தொழிற்சாலைகளுக்கு வரும் வருடங்களில் நல்ல வியாபாரம் இருக்கிறது. முதல் போடப் பலர் தயார். ஆனால் வார்க்கத் தெரிந்த இரண்டு பேர் இல்லாமல் அச்சும் மிக்சரும் வாங்கி என்ன பயன்?

செய்யக்கூடியவை

கொந்தராத்துக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: "அரசாங்கம் எங்களுக்குத் தராமல் நாங்கள் எங்கே கொடுப்பது?" இது பொய்யல்ல. பில் பிந்துவதால் வீடு அடகு வைத்தவர்களை நான் அறிவேன். பில்லைக் காலத்துக்குக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதை வர்த்தகர் சங்கங்கள் உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் வேலை நடத்த நாம் வங்கியில் எடுக்கும் கடனுக்கு மாதா மாதம் வட்டி கட்டுகிறோம், சீமெந்துக்கும் டீசலுக்கும் காசு கொடுக்கிறோம். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தொழிலாளியை மட்டும் கடைசியில் நிறுத்துவது ஏன்? அவர் தாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான். இப்போது அவர் தாங்கவில்லை, போய்விட்டார்.

எனவே நாமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. டெண்டர் விலை போடும்போதே சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பிறகு வெட்டிக்கொள்ள நினைத்தால் வெட்டுப்படுவது அதுதான். ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த நாள், செய்த வேலை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இதற்குச் செலவு இல்லை. வேலைத்தளத்தில் விபத்து நடந்தால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பது 1934 இலிருந்து இருக்கும் சட்டம். காப்புறுதி எடுப்பது அவரைப் போலவே உங்களையும் காப்பாற்றும்.

இரண்டாவது, சான்றிதழ். தேசிய தொழிற்தகைமை எனும் என்.வி.கியூ. சான்றிதழை வகுப்புக்குப் போய் மட்டுமல்ல, செய்த வேலையின் அனுபவத்தை நிரூபித்தும் பெறலாம். நைட்டா அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுபவத்துக்கான ஆதாரங்களைக் கொடுத்து, வேலையைச் செய்து காட்ட வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் பயிற்சிகள் இருக்கின்றன. கனரக இயந்திரங்களுக்கென்றே தனிப் பயிற்சி நிலையம் ஒன்றும் நாட்டில் உண்டு. சவூதி அரேபியா சில தொழில்களுக்கு விசா கொடுக்குமுன் திறன் பரீட்சை வைக்கிறது. இனிமேல் பேப்பர் இல்லாதவருக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடைசி வரிசைதான். நமது ஊர்களில் நலன்புரிச் சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள் தையல் மெசின் கொடுக்கின்றன. அது நல்லதே. வருடத்தில் ஐந்து இளைஞர்களுக்குக் கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கும் ஒபரேட்டர் பயிற்சிக்கும் செலவு செய்தால் ஐந்து குடும்பங்கள் எழும்பும்.

பயிற்சி கொடுத்தால் அவன் வெளிநாடு போய்விடுவானே என்று ஒரு கொந்தராத்துக்காரர் என்னிடம் சொன்னார். போகலாம். ஆனால் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்தவர்களும் போய்த்தானே இருக்கிறார்கள். மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் சான்றிதழும் இருக்கும் இடத்தில் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பிக்குக் கொப்பியில் பெயர் இல்லாவிட்டாலும் கடிதம் கொடுத்தேன். எந்த வருடம் எந்த மதகு கட்டினோம் என்று இருவருமாக இருந்து ஞாபகப்படுத்தி எழுதினோம். அவர் ரோலர் பழகிய இடத்திலிருந்தும் ஒரு கடிதம் எடுத்திருக்கிறார். விண்ணப்பம் போயிருக்கிறது. காலையில் ஆள் தேடி வந்த கொந்தராத்துக்காரரையும் அவரையும் கடையில் வைத்துச் சந்திக்கச் செய்தேன். தம்பி கேட்டது இரண்டு விடயங்கள்: மாதம் பத்தாம் திகதிக்கு முன் சம்பளம், முதல் மாதத்திலிருந்தே சேமலாப நிதி. நாள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவே இல்லை.

கொந்தராத்துக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர் நல்ல பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். ஏனெனில் மாரி வருமுன் அந்த மதகுகளைக் கட்டி முடிக்க வேண்டும்.